ஏழாவது கொடிக்குப் போகாத தடம்

அன்று காட்டுக்குள் இருக்கும் பீவர் குளத்தின் கரையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைப் பற்றி வாய் வலிக்கப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. லுட்ஜேர் திபூத்தோ இருந்தார். அவர் மகள் ஓதீல் இருந்தாள். ஓதீலின் அணியைச் சேர்ந்த இருவர் இருந்தார்கள்: லுட்ஜேருடைய தங்கை மகன் ரொசேர் தூமே, கால்நடை மருத்துவரிடம் வேலை பார்க்கும் கொராலி. கெபெக் நகரத்திலிருந்து வந்த அணியில் மூவர்: லொயிக் பெல்சீல், அவன் மைத்துனன் தியெரி, வலேரி என்ற பெண். கடைசியாகப் பனிவண்டியில் வந்து சேர்ந்தவள் பந்தயத்தை நடத்திய மார்ஜொலேன். வேறு யாரும் இல்லை. பால்பண்ணை வாசலில் நின்றுகொண்டு கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவன் கனவில் பார்த்திருப்பான்.

திபூத்தோ வீட்டார் பந்தயங்களில் தோற்றதுண்டு, கேள்விக்கு ஆளானதில்லை. சேந்த்-ஓம்பெலின் ஊரில் பனியில் கால் புதையாமலிருக்கக் கட்டிக்கொள்ளும் அகன்ற மிதியடிகளில் ஓடுகிறவர்களுக்காகப் பனிமிதியடிக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒருவராவது அதில் ஓடியிருக்கிறார். லுட்ஜேர் நெடுங்காலம் அதன் நடுவராக இருந்தவர். ஒரு முறை தடைதாண்டும் ஓட்டத்தில் அவருடைய சொந்தத் தம்பி பனியில் தலைகுப்புற விழுந்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். தம்பி எழுந்து ஓடி முதலாவதாக வந்தார். லுட்ஜேர் அவரைக் கடைசி இடத்துக்குத் தள்ளினார். அதன்பின் சில கிறிஸ்துமஸ்களுக்குத் தம்பி அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. லுட்ஜேர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. கை பிடித்து எழுந்தது எழுந்ததுதான் என்றார்.

ஓதீல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஓட வந்தாள். முதல் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் கழகத்தார் நடத்திய பனிமிதியடி ஓட்டத்தில் கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். பந்தயம் முடிந்து மற்றவர்கள் பட்டாணிச் சூப்புக்கு வரிசையில் நிற்க, இவள் திரும்பிப் போய், வளைவில் எல்லோரும் வழுக்கிய இடத்தில் தன் தடம் மட்டும் ஏன் வழுக்கவில்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சுபாவம் அது. பேருந்து ஓட்டும்போதும் சாலையில் புதிதாக ஒரு டயர்த் தடம் விழுந்திருந்தால், அது யாருடையது, இந்நேரத்தில் எங்கே போனது என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குக் காப்பி இறங்காது.

அதனால்தான் சாகசப் பந்தயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அதில் பாதை கிடையாது. ஒரு வரைபடம் கொடுப்பார்கள். காட்டுக்குள் ஆங்காங்கே கட்டியிருக்கும் சிறு கொடிகளை வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துத் தேட வேண்டும். கோடையில் ஓடம், மிதிவண்டி; குளிரில் பனிச்சறுக்கு, பனிமிதியடி. அணி சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே முடிக்க வேண்டும். களைத்தவரின் இடுப்பில் ரப்பர்க் கயிற்றைக் கட்டி வலுவுள்ளவர் இழுத்துப் போவார். இழுபடுவது அங்கே அவமானமில்லை. கயிற்றை மறுத்து அணியைத் தாமதிக்கச் செய்வதுதான் அவமானம். ஒரு திபூத்தோ இதைக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் காலம் ஆயிற்று. முதல் ஆண்டு சதுப்பு நிலத்தில் மிதிவண்டியைத் தோளில் சுமந்தபடி அழுதாளே தவிரக் கயிற்றை வாங்கவில்லை. இரண்டாம் ஆண்டு வாங்கினாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை மூவரும் லுட்ஜேரின் வீட்டில் சாப்பிட்டார்கள். அவருடைய மேப்பிள் தோப்புக்குப் பின்னால் இருக்கும் காட்டில்தான் பந்தயம். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, கொராலி கொடிகளுக்கு இடையே கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அணியில் வரைபடம் பார்ப்பவள் அவள்தான்.

"கொடியை நீங்களே ஒளிச்சு வைக்கறது, நீங்களே தேடறது," என்றார் லுட்ஜேர். "ஈஸ்டருக்கு முட்டை தேடற குழந்தைங்க மாதிரி."

"முட்டை கெடச்சா திங்கலாம் மாமா," என்றான் ரொசேர். "இதுல அதுவும் இல்ல."

"பின்ன எதுக்குடா போறே?"

"வீட்ல இருந்தா மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

லுட்ஜேர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையுடன் எழுந்தவர் மேசையோரமாகவே நின்றார். "வெளிச்சத்த மறைக்கிறீங்கப்பா," என்று ஓதீல் சொன்ன பிறகும் அரை அடிதான் நகர்ந்தார். எதுவும் கேட்கவில்லை. ஒரு மனிதர் பிறந்து வளர்ந்த காட்டை ஒரு தாளில் பார்த்து என்ன கேட்பார் என்று ஓதீலும் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை மூக்குக்குள் மயிர் உறைந்து குத்துகிற குளிர். முதலில் ஆற்றோரமாகப் பனிச்சறுக்கு. ரொசேர் ஒரு மேட்டில் விழுந்து, அந்த ஊர்க்காரர்கள் திட்டும் வழக்கப்படி, தேவாலயத்துப் பீடத்தில் இருக்கும் சாமான்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லித் திட்டிக்கொண்டே எழுந்தான். பிறகு சறுக்குப் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பனிமிதியடிகளைக் கட்டிக்கொண்டார்கள். இப்போதைய பந்தய மிதியடிகள் அலுமினியத்தில் செய்தவை. சிறியவை, ஓட லாயக்கானவை. ஆனால் யாரும் மிதிக்காத பனியில் அவையும் முழங்கால்வரை இறங்கும். முன்னால் போகிறவர் பனியை உழுது வழி உண்டாக்க வேண்டும். மூச்சு முட்டியதும் ஓரமாக ஒதுங்கி நின்று மற்றவர்களை முன்னே விட்டுக் கடைசியில் சேர்ந்துகொள்வார். பேச்சில்லாமல் நடக்கும் இந்த மாற்றம். அன்று அவர்கள் மூவரும் கடிகாரச் சக்கரம்போல மாறிக்கொண்டார்கள். கொராலியின் கோடுகள் ஒவ்வொன்றும் கொடியில்தான் போய் முடிந்தன.

ஆறாவது கொடியைத் தொட்டுவிட்டு வெட்டிய மரங்களை ஏற்றிப்போகும் பாதையின் வளைவுக்கு இறங்கியபோது ஓதீல் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தூரத்தில், பிர்ச் மரங்களுக்கிடையே, லொயிக் அணியின் சிவப்புத் தொப்பிகள் தெரிந்தன. முன்னால் யாரும் இல்லை. பந்தயங்களுக்கு வரத் தொடங்கியதிலிருந்து அவர்களுக்கு முன்னால் யாரும் இல்லாமற்போனது அதுதான் முதல் தடவை.

"முன்னாடி யாருமே இல்லன்னு ஊர்ல சொன்னா நம்புவாங்களா?" என்றான் ரொசேர்.

"இருக்காங்க," என்றாள் கொராலி.

பாதை வளைவிலிருந்து காட்டுக்குள், ஏழாவது கொடி இருக்க வேண்டிய வடக்குத் திசையில், பனிமிதியடித் தடம் ஒன்று போனது.

ரொசேர் கையைத் தட்டினான். "கொடி கட்டப் போனவங்க தடம். மார்ஜொலேன் ஆளுங்க வட்டம் போட்டு ஏமாத்தறத மறந்துட்டாங்க. வாங்க, வாங்க."

கொடி கட்டுகிறவர்களும் பனியில்தான் நடந்தாக வேண்டும். புதுப் பனி விழாவிட்டால் அவர்கள் தடமே கொடியைக் காட்டிக்கொடுக்கும். அதனால் சுற்றி வளைத்து நடந்து ஏமாற்றப் பார்ப்பார்கள். கண்ணில் பட்ட தடத்தில் யார் வேண்டுமானாலும் ஓடலாம். அது பந்தயத்தில் ஒப்புக்கொண்ட சாமர்த்தியம். மூவரும் அதில் இறங்கி ஓடினார்கள். மிதிபட்ட பனி காலைத் தாங்கியது. உழுதுகொண்டு வந்தவர்களுக்கு அது தார்ச்சாலைபோல இருந்தது.

பிளந்த பாறை ஒன்றைத் தாண்டியதும் ஓதீல் நின்றுவிட்டாள்.

"என்ன, கால் பிடிச்சுக்கிச்சா?" என்றான் ரொசேர்.

அவள் குனிந்திருந்தாள். தடம் அலுமினிய மிதியடியினுடையது அல்ல. நீளமானது, பின்புறம் வால் உள்ள பழைய மரச்சட்ட மிதியடி. அப்படிப்பட்ட மிதியடி நடக்கும்போது வால் பனியில் இழுபட்டு ஒரு கோடு போடும். இதில் இடது காலுக்குக் கோடு இருந்தது. வலது காலுக்கு இல்லை. வலது மிதியடியின் வாலை, வேர்வை உப்பு ஊறிய அதன் தோல்வாருக்காக, முள்ளம்பன்றி கடித்துத் தின்றிருந்தால் தடம் இப்படித்தான் விழும். அப்படி ஒரு மிதியடி அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது எந்த வீட்டுக் கொட்டகையில் தொங்கியது என்பது ரொசேருக்கும் தெரியும்.

அவனும் குனிந்து பார்த்தான். 

"மாமாவா?"

"அப்பாதான்."

"எதுக்கு?"

"அதான் தெரியல."

வெளியாள் எவரும் அணிக்கு உதவக் கூடாது என்பது சாகசப் பந்தயத்தின் முதல் விதி. கண்டுபிடித்தால் அணியை நீக்கிவிடுவார்கள். ஒரு போட்டியாளரின் தந்தை, அதுவும் கழகத்தின் முன்னாள் நடுவர், விடிவதற்குமுன் எழுந்து மகளுக்காகப் பனியை மிதித்து வழி போட்டார் என்றால் அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? தம்பியைக் கடைசிக்குத் தள்ளியவர் மகளை முதலாவதாக்கப் பார்த்தார் என்று பாட்டே கட்டிவிடுவார்கள். 

"அப்பா அப்படிச் செய்யற ஆள் இல்ல," என்றாள் ஓதீல்.

"செய்யலன்னா ஓடலாமே," என்றான் ரொசேர். "செஞ்சிருந்தாத்தானே தப்பு? நீ தடத்த விட்டு எறங்கினா, மாமா மேல நீயே சந்தேகப்படறேன்னு அர்த்தம்."

"ஓடினா மத்தவங்க சந்தேகப்படுவாங்க," என்றாள் கொராலி.

இருவர் சொன்னதும் சரி. அதுதான் தொல்லை. ஓதீல் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு தடத்திலிருந்து விலகி, கைக்கெட்டும் தூரத்தில், யாரும் மிதிக்காத பனியில் இறங்கினாள். தொடையளவு அமுங்கியது.

"நாம உழுதுக்கிட்டே போவோம்," என்றாள். "ஆனா பக்கத்துலயே போவோம். அவர் இங்க என்ன பண்ணினார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ரொசேர் திருப்பலிக் கிண்ணத்தின் பெயரை ஒருமுறை முணுமுணுத்துவிட்டு அவள் பின்னால் இறங்கினான்.

தடம் விசித்திரமாக நடந்துகொண்டது. சாய்ந்து கிடந்த ஒரு மரத்தைச் சுற்றிப்போக நல்ல இடம் இருந்தும், அது நேராக மரத்தின் மேலேறி அந்தப் பக்கம் குதித்திருந்தது. இளம் ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நின்ற புதருக்குள், நாலடி தள்ளித் திறந்த வெளி இருக்கும்போதே, நெஞ்சைக் கொடுத்து முட்டிக்கொண்டு நுழைந்திருந்தது. கிளைகளில் பனி உதிர்ந்திருந்தது. காட்டில் எழுபது வருஷம் நடந்த ஒருவர் இப்படி நடப்பாரா? லுட்ஜேர் வழக்கமாக மரங்களுக்கிடையே தண்ணீர் ஓடுவதுபோலப் போவார். இன்னும் வேடிக்கை, சிறிது தூரத்துக்கு ஒருமுறை அவர் நின்று, நின்ற இடத்திலேயே பாதம் பாதமாகத் திரும்பி, மறுபடி அதே திசைக்கு வந்திருந்தார். பனியில் வட்டமாக மிதிபட்டிருந்தது.

"குடிச்சிருந்தாரோ?" என்றான் ரொசேர்.

"ஈஸ்டர் நோன்பு வந்தா அவர் குடிய விட்டுடுவாரே?" என்றாள் ஓதீல்.

"தண்ணியும் இல்ல, புத்தியும் கெடல. பின்ன ஏன் தட்டாமாலை சுத்தியிருக்காரு?"

கொராலி வட்டத்தருகே நின்றாள். தன் திசைகாட்டியை நெஞ்சருகே பிடித்து, ஊசி நேராகும்வரை பாதம் பாதமாகத் திரும்பினாள். அவள் காலடியிலும் ஒரு வட்டம் விழுந்தது.

"குடியும் இல்ல, கிறுக்கும் இல்ல," என்றாள். "ஊசியப் பாத்து நடந்திருக்காரு. புதுசா கத்துக்கறவங்க நடை இது. மொத வருஷம் நானும் இப்படித்தான், ஊசி நேரான்னு சொன்னா நேராப் போயி மரத்துல மூஞ்சிய மோதிக்குவேன்."

ஓதீல் தடத்தைப் பார்த்தாள். தன் பழைய திசைகாட்டி அப்பா வீட்டுச் சமையலறை இழுப்பறையில் கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது. அப்பாவா? ஊசியைப் பார்த்தா? இந்தக் காட்டிலா? அவள் இதுவரை பின்தொடர்ந்த எந்தத் தடமும் அவளை இப்படிக் குடைந்ததில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து சிவப்புத் தொப்பிகள் வந்தன. லொயிக்கின் ஆட்கள் லுட்ஜேரின் தடத்தில் சுகமாக ஓடிவந்தார்கள்.

"என்ன மேடம், ரோடு போட்டு வச்சிருக்கு, நீங்க வயல்ல எறங்கி நடக்கறீங்க?" என்றான் லொயிக்.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு," என்றான் ரொசேர்.

"அப்ப நாங்க சொல்லிக்கறோம். சூப்பு ஆறறதுக்குள்ள வந்துடுங்க."

"உப்பு பத்தலன்னா ஒங்க வேர்வையப் பிழிஞ்சுக்கறோம். போங்க."

மூவரும் கடந்து மறைந்தார்கள். முதல் இடம் அவர்களோடு போனது. ரொசேர் முன்னால் போய்ப் பனியை உழத் தொடங்கினான். 

ஒரு சிறு ஓடையைத் தாண்டியதும் கொராலி வரைபடத்தைத் திருப்பினாள். "இங்கிருந்து கொடி வலப்பக்கம். தடம் இடப்பக்கமா விலகிக்கிட்டே போகுது. லொயிக் கவனிக்கல போல."

"கொடி கட்டினவங்க தடம்னு நெனச்சு போறான்," என்றான் ரொசேர். அவன் முகம் மலர்ந்தது. "போகட்டும், போகட்டும். வலப்பக்கம் திரும்பு ஓதீல். நாமதான் மறுபடி மொதல்ல."

ஓதீல் திரும்பவில்லை. "ரொசேர், போன தடந்தான் இருக்கு. திரும்பி வந்த தடம் எங்கயாவது பாத்தியா?"

அவன் யோசித்தான். சிரிப்பு நின்றது.

"வேற வழியா வந்திருக்கலாம்," என்றான். குரலில் பிடிப்பு இல்லை.

"இந்தக் குளிர்ல. இந்த வயசுல."

கொராலி வரைபடத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். யாரும் வாக்கெடுக்கவில்லை. மூவரும் இடப்பக்கம் போனார்கள். இப்போது தடத்தின் மேலேயே, ஓட்டமாக.

பீவர் குளம் வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்தது. கரையில் ஒரு மரத்தடியில், ஊசியிலைக் கிளைகளை வெட்டிப் பரப்பி, அதன்மேல் முதுகு வளையாமல் லுட்ஜேர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிறு நெருப்பு. கையில் அரைத்த பன்றி இறைச்சி தடவிய ரொட்டி. எதிரே லொயிக்கும் தியெரியும் வலேரியும் நின்றிருந்தார்கள்.

"நல்லாயிருக்கீங்களாப்பா?" என்றாள் ஓதீல்.

"எனக்கென்ன," என்றார்.

லொயிக் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "ஓ, அப்பாவா?" என்றான். "இப்பப் புரியுது. நாங்க நெருங்கி வருவோம்னு தெரிஞ்சு பொய்த்தடம் போட்டு எங்கள இங்க இழுத்துட்டீங்க. பொண்ணு தடத்துல கால வைக்காம பக்கத்துல நடந்தப்பவே யோசிச்சிருக்கணும்."

"வாயை அளந்து பேசு," என்றான் ரொசேர்.

"கால வச்சிருந்தா மகளுக்கு வழி போட்டாருன்னு சொல்லுவேன். வைக்கல, அதனால எங்களுக்குக் குழி வெட்டினாருன்னு சொல்றேன். ரெண்டுல ஒண்ணு."

வலேரி அவன் கையைத் தொட்டு, "வயசானவர்கிட்ட போயி…" என்றாள். லுட்ஜேர் ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்தார். வாய் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் செய்வது அதுதான். சாட்டியவர் வெட்கப்படும்வரை காத்திருப்பது. லொயிக் வெட்கப்படுகிறவனாகத் தெரியவில்லை.

குளத்தின் மறுகரையில் பனிவண்டிச் சத்தம் கேட்டது. நெருப்புப் புகையைப் பார்த்துவிட்டு மார்ஜொலேன் வந்தாள். வண்டியை நிறுத்திக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு அணிகளையும் பார்த்தாள். கொடி இல்லாத இடத்தில் இத்தனை பேரா என்பது அவள் பார்வையில் தெரிந்தது.

"லுட்ஜேர் ஐயா, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

லுட்ஜேர் எழுந்து நின்றார். "ஒன்னத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன், மார்ஜொலேன். ஒன் ஏழாவது கொடி தப்பான எடத்துல இருக்கு. நேத்து மேசையில பாத்த மேப்புப்படி அது இங்க இருக்கணும். நான் சரியா வடக்கே வந்திருக்கேன். இங்க ஒண்ணும் இல்ல. பந்தயம் முடியறதுக்குள்ள ஒங்கிட்டச் சொல்றது என் கடமைன்னு ஒக்காந்திருக்கேன்."

 கொராலி கையுறையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க கொடி தேடி வந்தீங்களா?" என்றாள் ஓதீல்.

"பாத்துட்டு, நீங்க யாரும் வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னு வந்தேன்." அவர் மகளைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துச் சொன்னார். "நாலு வருஷமா கொடி கொடின்னு வந்து சொல்றே. ஒரு துண்டுத் துணிய ஒரு தாள வச்சுக்கிட்டுக் காட்டுல கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்கணும்னு தோணிச்சு."

"ஒங்களுக்குத்தான் இந்தக் காடு தெரியுமே. கொடி அந்த ஊத்துப் பக்கம்னு தாளப் பாத்தாலே தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சத வச்சுப் போனா அது என்ன கண்டுபிடிப்பு? ஊசி சொன்னபடிதான் போகணும்னு வந்தேன். வழியில அந்த ஓடையப் பாத்தப்பவே, இது சரியில்லன்னு காலு சொல்லிச்சு. ஊசி நேராப் போன்னு சொல்லிச்சு. ஊசி பக்கம் நின்னேன்."

ஓதீல் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்பா, ஊசியத் திருத்திக்கிட்டீங்களா?"

"என்ன திருத்தறது? வடக்கு வடக்குத்தானே?"

"இல்ல மாமா," என்றான் ரொசேர், மிக மெதுவாக. "நம்ம ஊர்ல ஊசி மேக்குப் பக்கமா சாஞ்சுதான் நிக்கும். மேப்புல இருக்கற வடக்கு வேற. வித்தியாசத்தக் கழிச்சுக்கிட்டு நடக்கணும்."

லுட்ஜேர் சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். உற்றுப் பார்த்தார். ஊசி எதையோ மறைத்துவிட்டதுபோல அதை ஒருமுறை தட்டியும் பார்த்தார். அந்தச் சில நொடிகளில் அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. தம் சொந்தக் காட்டில் தாம் நடந்ததற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து போய்விடலாம். தோப்புக்குப் பின்னால் வழி தவறியவர் என்ற பெயர் வராது, ஆனால் மகளின் அணிமேல் லொயிக் சொன்ன அழுக்கு அப்படியே நிற்கும். அல்லது தவறை ஒப்புக்கொள்ளலாம்.  அவர் எதைச் சொல்வார் என்று ஓதீலுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"அப்படின்னா," என்றார் லுட்ஜேர் மார்ஜொலேனிடம், "ஒன் கொடி சரியான எடத்துலதான் இருக்கு. நான்தான் வழி தவறியிருக்கேன். நான் வந்தது இவளுக்குத் தெரியாது. எழுதிக்கோ."

தியெரி பனியைப் பார்த்தான். லொயிக் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"எழுத ஒண்ணுமில்ல," என்றாள் மார்ஜொலேன். "தடம் உதவின்னா, லொயிக், அதுல அதிகமா ஓடினது நீதான். தப்பான தடத்துல போனது ஒன் தல எழுத்து. எல்லாரும் கெளம்புங்க."

"ஒரு நிமிஷம்," என்றாள் ஓதீல். "பிளந்த பாறை வரைக்கும் நாங்களும் இதுல ஓடினோம். யாரோடதுன்னு அப்பத் தெரியாது. ஆனாலும் என் அப்பா போட்ட தடம். அபராதம் போடுங்க."

"ஓதீல், அதுக்கு விதியில எடமே இல்ல."

"எங்க வீட்ல இருக்கு."

மார்ஜொலேன் லுட்ஜேரைப் பார்த்தாள். தந்தையாவது மறுப்பார் என்று நினைத்திருக்கலாம். அவர் ஆமோதிப்பாகத் தலையசைத்தார். "கேக்கறவளுக்குக் குடு," என்றார். ரொசேர் வானத்தைப் பார்த்து ஞானஸ்நானத் தொட்டியின் பெயரைச் சொன்னான்.

முடிவுக் கோட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்று மார்ஜொலேன் தீர்ப்புச் சொன்னாள்.

அவர்கள் ஏழாவது கொடிக்குத் திரும்பினார்கள். லொயிக்கின் ஆட்கள் முன்னால் ஓடிவிட்டார்கள். சற்றுத் தூரம் போனதும் ஓதீல் திரும்பிப் பார்த்தாள். லுட்ஜேர் நெருப்பை அணைத்துவிட்டு, கூப்பிடு தூரத்துக்கும் அதிகமான இடைவெளி விட்டு, அவர்கள் உழுத வழியிலேயே வந்துகொண்டிருந்தார். அவள் நின்றால் அவரும் நின்றார். வழிகாட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

கொடி ஊற்றுக்கு மேலே, ஒரு சாய்ந்த செடார் மரத்தின் வேரருகே தொங்கியது. ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கைக்குட்டையளவு துணி. அவர்கள் தொட்டுவிட்டு விலகிய பிறகுதான் அவர் பக்கத்தில் வந்தார். சுற்றி வந்து பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இந்த வேரை நான் ஆயிரந்தடவ மிதிச்சிருப்பேன்," என்றார். பிறகு, "அடுத்தது எந்தப் பக்கம்?" என்றார்.

"அத நீங்கதான் தேடணும்," என்றாள் ஓதீல். "மேற்க கழிச்சுக்கிட்டு."

அவர் திசைகாட்டியை எடுத்துக்கொண்டார். அவர்கள் ஓடத் தொடங்கினார்கள். ஒருமுறை திரும்பியபோது அவர் செடார் மரத்தடியில் பாதம் பாதமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் ஊரார் சூப்புக் கிண்ணங்களுடன் முடிவுக் கோட்டருகே கூடியிருந்தார்கள். ஓதீலும் ரொசேரும் கொராலியும் கோட்டுக்கு நாலடி முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். முதலில் ஊரார் கைதட்டினார்கள். பிறகு ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டார்கள். பிறகு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வேர்வை முதுகில் உறைந்தது. வேறு இரண்டு அணிகள் அவர்களைத் தாண்டிப் போய்க் கோட்டைக் கடந்தன. ஏற்கெனவே முடித்திருந்த லொயிக் கையில் கிண்ணத்துடன் வந்து, கோட்டின் மறுபக்கம், அவர்களுக்கு எதிரே, அவர்கள் நின்ற நேரமெல்லாம் சாப்பிடாமல் நின்றான். நேரம் முடிந்ததும் மூவரும் சேர்ந்து தாண்டினார்கள்.

தப்பில்லாதவர் ஏன் தண்டனைக்கு நிற்க வேண்டும் என்று கேட்கிற ஊர் அது. லுட்ஜேர் திபூத்தோ விடியற்காலையில் எழுந்து போய் மகள் ஜெயிப்பதற்காகத் தடம் போட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். போடவில்லை. அவர் வழி தவறினார்.